ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்: அந்த இசை எங்கிருந்து வந்தது

அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக் என்றாலே பலருக்கு மனதில் வருவது கௌபாய் தொப்பி, தாடி, மேடைக்குப் பின்னால் தொங்கும் கான்ஃபெடரேட் கொடி (உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி), மூன்று கிடார்கள் ஒன்றாகச் சேர்ந்து எழுப்பும் சத்தம். 1970-களில் லினர்ட் ஸ்கினர்ட் மாதிரியான குழுக்கள் அந்தக் கொடியை மேடையில் கட்டியதால் உண்டான பிம்பம் அது, இன்றுவரை போகவில்லை. ஆனால் அந்த இசை வகைக்கே வழி போட்டுக் கொடுத்தவர்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஆல்மன் பிரதர்ஸ் பேண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கதை வேறு. 1969-இல், அதுவும் ஜார்ஜியா மாநிலத்தில், ஐந்து வெள்ளையர்களும் ஒரு கறுப்பரும் சேர்ந்த ஒரு குழு. அவர்கள் வாசித்ததில் பெரும்பங்கு கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்தது. பாட்டு மட்டுமல்ல, ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்டு அந்த இடத்திலேயே பதில் சொல்லும் முறையும் அங்கிருந்துதான். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மனில் தொடங்கி, அந்த ஒரே கறுப்பரான டிரம்மர் ஜெய்மோவைக் கடைசி வரியில் சேர்ப்பது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, முதலில் அண்ணன் தம்பி. டுவேன் 1946-லும் கிரெக் 1947-லும் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்தவர்கள். அப்பா ராணுவத்தில் இருந்தார். 1949 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவனே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அம்மா ஜெரால்டின் தனியாக இருவரையும் வளர்த்தார். கணக்குப் படிக்க அவர் கல்லூரிக்குப் போன காலத்தில் பையன்கள் ராணுவப் பள்ளி விடுதியில் இருந்தார்கள், அந்த இடத்தை இருவருமே வெறுத்தார்கள். 1959-இல் குடும்பம் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் குடிபோனது.

முதலில் கிடார் வாங்கியவர் தம்பிதான். அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை ஓட்டி நொறுக்கிவிட்டு, பாகங்களை விற்ற காசில் டுவேனும் ஒரு கிடார் வாங்கினார், சீக்கிரமே தம்பியைத் தாண்டிப் போய்விட்டார். இரவில் நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலி 50,000 வாட்ஸில் ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின இசையை ஒலிபரப்பும், அது ஃப்ளோரிடா வரைக்கும் கேட்கும். மடி வாட்டர்ஸ், ஹௌலின் உல்ஃப், ஜிம்மி ரீட் எல்லோரும் தெற்கத்தி வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் நுழைந்தது இப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் உணவகத்திலும் இரு நிறத்தாரும் ஒன்றாக உட்காரக்கூடாது என்று இருந்த ஊரில் ரேடியோ அலைக்கு அந்தத் தடை இல்லை. நாஷ்வில்லுக்கு விடுமுறையில் போனபோது பி.பி. கிங் கச்சேரியை நேரில் பார்த்தார்கள், அன்றைக்கே டுவேன் முடிவு செய்துவிட்டார் என்று கிரெக் பல தடவை சொல்லியிருக்கிறார். டேடோனாவில் ஃபிளாய்ட் மைல்ஸ் என்ற கறுப்பினப் பாடகர், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் பகுதிக்கு கிரெக்கைக் கூட்டிப்போய் இசைத்தட்டுக் கடையைக் காட்டினார். கிரெக் பாடும்போது கேட்கும் அந்தக் கரகரப்பு, சொல்லை இழுத்துக் கடைசியில் கைவிடும் பாணி, எல்லாவற்றிலும் பாபி பிளாண்டும் ரே சார்ல்ஸும் லிட்டில் மில்டனும் இருக்கிறார்கள். அதை அவர் மறைத்ததே இல்லை.

ஆல்மன் ஜாய்ஸ், பிறகு ஹவர் கிளாஸ் என்று இரண்டு குழுக்கள் வந்து போயின. ஹவர் கிளாஸை லிபர்ட்டி என்ற இசைத்தட்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப்போய், வெல்வெட் உடுப்பு மாட்டிவிட்டு, தான் தேர்ந்தெடுத்த பாப் பாட்டுகளைப் பாட வைத்தது. 1967-லும் 1968-லும் ஒவ்வோர் ஆல்பம் வந்தது, இரண்டுமே போணியாகவில்லை. பொறுக்க முடியாமல் 1968 ஏப்ரலில் அலபாமாவின் மஸில் ஷோல்ஸுக்குப் போய், ஃபேம் ஸ்டூடியோவில் பி.பி. கிங் பாட்டுகளைக் கோத்துத் தங்களுக்குப் பிடித்த மாதிரி பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கியது. இன்றைக்கு அந்தப் பதிவைக் கேட்டால் ஆல்மன் பிரதர்ஸின் முதல் பொறி அதிலேயே தெரிகிறது.

அந்த லாஸ் ஏஞ்சலிஸ் நாட்கள் முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. தாஜ் மஹால் என்ற புளூஸ் கலைஞரின் குழுவில் ஜெஸி எட் டேவிஸ் ஸ்லைடு கிடார் வாசிப்பதை டுவேன் கேட்டது அங்கேதான். ஸ்லைடு என்றால் விரலில் ஒரு கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கி வாசிப்பது. டுவேனின் பிறந்தநாளுக்கு கிரெக் ஒரு தாஜ் மஹால் இசைத்தட்டும், அப்போது அவருக்குச் சளி பிடித்திருந்ததால் கோரிசிடின் என்ற மாத்திரை ஒரு பாட்டிலும் கொடுத்தார். டுவேன் மாத்திரையைக் கொட்டிவிட்டுக் காலிக் கண்ணாடிப் பாட்டிலை மோதிர விரலில் மாட்டி, இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிக்க ஆரம்பித்தார். அதில் இருந்த ‘ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்’ 1928-இல் பிளைண்ட் வில்லி மெக்டெல் பதிவு செய்த ஜார்ஜியா பாட்டு. ஜார்ஜியாவில் ஒரு கறுப்பினக் கலைஞர் பாடியது, கலிஃபோர்னியாவைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் ஜார்ஜியாவுக்கே டுவேனின் கையில் வந்து சேர்ந்தது.

1968 கடைசியில் டுவேன் ஃபேம் ஸ்டூடியோவிலேயே கூலிக்கு வாசிக்கும் கிடார் கலைஞராகச் சேர்ந்தார். சோல் பாடகர் வில்சன் பிக்கெட் அங்கே பதிவுக்கு வந்தபோது, பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ பாட்டைப் பாடச் சொன்னவர் இந்த இருபத்திரண்டு வயதுப் பையன். அந்தப் பாட்டே அப்போதுதான் வெளிவந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவின் கடைசி ஒரு நிமிடத்தை இன்னும் கேட்காதவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், பிக்கெட் அலற அலற கிடாரும் கூடவே அலறுகிறது, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கிலாந்துக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் அதைக் கேட்டுவிட்டு யார் இது என்று விசாரித்தார். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லரும் கவனித்தார். அரீதா ஃபிராங்க்ளின், கிளாரன்ஸ் கார்ட்டர், கிங் கர்டிஸ் என்று அடுத்தடுத்துப் பெரிய ஆட்களின் பதிவுகளில் டுவேனின் கிடார் வர ஆரம்பித்தது.

இங்கேதான் ஜெய்மோ வருகிறார். பிறந்தபோது வைத்த பெயர் ஜானி லீ ஜான்சன், மிசிசிப்பிக்காரர், ஓடிஸ் ரெட்டிங், பெர்சி ஸ்லெட்ஜ் போன்ற பாடகர்களுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர், ஆனால் மனசு முழுக்க ஜாஸ். டுவேனைத் தேடி மஸில் ஷோல்ஸுக்கு வந்தார், ரெக்கார்டிங் இல்லாத நேரமெல்லாம் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸையும் டுவேனுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெய்மோதான். மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தை டுவேன் திரும்பத் திரும்பக் கேட்டார். அது கிடார் கலைஞர் ஒருவர்கூட இல்லாத ஆல்பம். சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு எப்படி வாக்கியம் அமைக்கின்றன என்பதைக் கிடார் தந்திக்கு மாற்றிப் பார்த்தார். ஒரே ஸ்வர வரிசையில் நிலையாக நின்றுகொண்டு, அவசரமே படாமல், கீழே இருந்து மேலே கட்டிக்கொண்டு போவது என்ற விஷயம் ராக் உலகத்தில் அப்போது அவ்வளவாகக் கிடையாது. அது வந்த வழி இதுதான்.

1969 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆட்கள் ஒன்றுசேர்ந்தார்கள். சிகாகோ பக்கத்திலிருந்து வந்த பெரி ஓக்லி பேஸ் கிடார், அவரோடு ஏற்கெனவே ஒரு குழுவில் இருந்த டிக்கி பெட்ஸ் இன்னொரு கிடார், உள்ளூர்க்காரர் புட்ச் டிரக்ஸ் இன்னொரு டிரம்ஸ். ஜேம்ஸ் பிரவுன் குழுவில் ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்மர்கள் இருந்தார்களே, நமக்கும் இருந்தால் என்ன என்பது டுவேனின் யோசனை. புட்ச் சரக்கு ரயில் போல இடைவிடாமல் தள்ளிக்கொண்டு போவார், ஜெய்மோ அதைச் சுற்றிச் சுற்றி இடைவெளிகளில் நிறம் சேர்ப்பார். இருவரும் ஒரே அடியை இரட்டிப்பாக அடிப்பது மிகக் குறைவு. லாஸ் ஏஞ்சலிஸிலேயே தங்கிவிட்ட கிரெக்கை டுவேன் தொலைபேசியில் கூப்பிட்டார். வந்தவுடன் எல்லோரும் சேர்ந்து முதலில் வாசித்துப் பார்த்தது ‘டிரபிள் நோ மோர்’ என்ற மடி வாட்டர்ஸ் பாட்டு.

டிக்கி பெட்ஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் புளூஸிலிருந்து வந்தார்கள் என்றால் இவர் பிடில் வாசிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். ஐந்து வயதில் யுகலேலி, பிறகு மாண்டலின், பான்ஜோ, கடைசியாகத்தான் கிடார். நாட்டுப்புற பிடில் மெட்டுகளிலும் பாப் வில்ஸின் வெஸ்டர்ன் ஸ்விங் இசையிலும் இரண்டு வாத்தியங்கள் ஒரே மெட்டை ஒரு படி தள்ளி இணையாக வாசிக்கும் பழக்கம் உண்டு. இந்தக் குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட இரட்டைக் கிடார் மெட்டுகளுக்கு அதுவும் ஒரு வேர். டுவேன் ஜாஸ் குழுக்களின் ஊதுவாத்திய வரிசையை மனதில் வைத்துக்கொண்டு வந்தார், பெட்ஸ் பிடிலை மனதில் வைத்துக்கொண்டு வந்தார், நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் முன்னணி, இன்னொருவர் துணை என்ற ஏற்பாடு அந்தக் குழுவில் கிடையாது.

குழு ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துக்குக் குடிபோனதற்குக் காரணம் ஃபில் வால்டன். லிட்டில் ரிச்சர்ட் பிறந்த ஊர், ஓடிஸ் ரெட்டிங் வளர்ந்த ஊர் அது. ஓடிஸின் மேனேஜராக இருந்த வால்டன், 1967 டிசம்பரில் விமான விபத்தில் ஓடிஸ் இறந்த பிறகு நிலைகுலைந்து போயிருந்தார். வெக்ஸ்லரின் உதவியோடு அவர் தொடங்கிய கேப்ரிகார்ன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் பெரிய நம்பிக்கை இந்தக் குழு. கையில் காசில்லாத நாட்கள். எச் அண்ட் எச் என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தட்டு வாங்கி ஆறு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கடையை நடத்திய கறுப்பினப் பெண்மணி லூயிஸ் ஹட்சன் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு தட்டு வைத்தார், காசு வரும்போது கொடுங்கள் என்றார். மாமா லூயிஸ் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது, பிற்பாடு அவரைச் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துப் போனார்கள். நீள முடி வளர்த்த வெள்ளைப் பையன்களும் ஒரு கறுப்பரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை முறைத்துப் பார்க்கும் ஊர்களின் நடுவில், இந்தக் கடை அவர்களுக்கு வீடு மாதிரி இருந்தது.

1969 நவம்பரில் வந்த முதல் ஆல்பம் விற்கவில்லை. அதில் இருக்கும் ‘டிரீம்ஸ்’ பாட்டைக் கேட்டுவிட்டு மைல்ஸ் டேவிஸின் ‘ஆல் புளூஸ்’ கேட்டால் தாளத்தில் உறவு சட்டென்று புரியும், டிரம்மர் ஜிம்மி காப் அதில் வாசித்ததிலிருந்து எடுத்ததுதான் என்று ஜெய்மோவே சொல்லியிருக்கிறார். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘விப்பிங் போஸ்ட்’. இரவில் தூக்கம் வராமல் எழுந்த கிரெக், காகிதமோ பேனாவோ கிடைக்காமல், எரிந்த தீக்குச்சிக் கரியால் இஸ்திரிப் பலகைத் துணியின் மேல் அதன் வரிகளைக் கிறுக்கி வைத்தார். தொடக்கத்தில் பேஸ் கிடார் வாசிக்கும் அந்தச் சுற்று பதினொரு அட்சரம். தகிட தகிட தகிட தக என்று வாயால் சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். கிரெக்குக்குத் தான் போட்டது பதினொன்று என்று தெரியாது, அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இரண்டாவது ஆல்பம் ‘ஐடில்வைல்ட் சவுத்’ 1970-இல் வந்தது, அதுவும் சுமாராகத்தான் போனது. ஆனால் அந்த வருடம் மட்டும் கிட்டத்தட்ட 300 கச்சேரி செய்தார்கள். வேனில் போவது, வாசிப்பது, மறுபடி வேன். காசு வாங்காமல் பூங்காக்களில் வாசித்ததும் நிறைய. அந்தப் பழக்கம்தான் அடுத்து நடந்ததற்குக் காரணம். நடுவில் மயாமியில் கிளாப்டன் இவர்கள் கச்சேரிக்கு வந்தார், டுவேனைத் தன் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார், கிளாப்டனின் ‘லைலா’ ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளில் டுவேனின் கிடார் ஓடுவது அதனால்தான். இருவரையும் சேர்த்து வைத்தவர் டாம் டௌட். இந்த மனிதரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இளவயதில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியல்காரர், பிறகு அட்லாண்டிக்கில் ரே சார்ல்ஸையும் கோல்ட்ரேனையும் அரீதாவையும் பதிவு செய்த பொறியாளர். கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்த ராக் குழுவைப் பதிவு செய்ய, கோல்ட்ரேனைப் பதிவு செய்தவரே கிடைத்தார்.

1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் நடந்த கச்சேரிகளை டௌட் பதிவு செய்தார். ஊதுவாத்தியக்காரர்களைக் குழு கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, அவர்கள் வேண்டாம் என்று கறாராகச் சொன்னார். ஒவ்வோர் இரவும் கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஸ்டூடியோவுக்குப் போய் டேப்பைக் கேட்டு, எது சரியாக வந்தது, நாளை எதை மறுபடி வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆல்பமாக வந்தது. மொத்தம் ஏழே பாட்டு, ‘விப்பிங் போஸ்ட்’ மட்டும் இருபத்து மூன்று நிமிடம். டேப்பை வெட்டி ஒட்டும் வேலை மிகக் குறைவு.

அதில் ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ என்ற 13 நிமிட வாத்திய இசையை மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து கேட்கலாம். பெட்ஸ் ஒரு பெண்ணை நினைத்து எழுதினார், அவள் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலைமை, எனவே மேக்கன் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பார்த்த பெயரை வைத்துவிட்டார். ஆரம்பத்தில் கிடாரின் சத்தத் திருகை மூடிவைத்துத் தந்தியை மீட்டிவிட்டுத் திறக்கிறார், அதனால் மீட்டிய ஓசையே கேட்காமல் வில் போட்ட மாதிரி ஸ்வரம் மெல்ல எழும்பி வருகிறது. பிறகு இரண்டு கிடாரும் சேர்ந்து மெட்டு. வேகம் மாறியதும் பெட்ஸின் தனி ஆவர்த்தனம், அடுத்து கிரெக்கின் ஆர்கன், அதன் பின் டுவேன். இந்தத் தனி வாசிப்புகளின் அடித்தளம் டோரியன் என்ற ஸ்வர வரிசை. கமகத்தையும் ராகத்தையும் விட்டுவிட்டு வெறும் ஸ்வரங்களை மட்டும் பார்த்தால் நம் கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்கள்தான், ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தின் முதல் பாட்டும் அதே வரிசை. டுவேன் மெதுவாகத் தொடங்கி, ஏறி, இதுதான் உச்சம் என்று நாம் நினைக்கும்போது சட்டென்று இறங்கி, சத்தத்தைத் தாழ்த்தி, மறுபடியும் இன்னும் மேலே போகிறார். அவர் இறங்கும் அதே நொடியில் இரண்டு டிரம்மர்களும் இறங்குகிறார்கள். யாரும் சைகை காட்டி வாசித்த மாதிரி இல்லை.

ஆல்பம் பத்து லட்சம் டாலர் விற்பனை என்ற தங்கத்தட்டு அளவை எட்டிய சில நாட்களில், 1971 அக்டோபர் 29 அன்று, மேக்கனில் மோட்டார் சைக்கிளில் போன டுவேன் எதிரே திரும்பிய லாரி ஒன்றில் மோதி இறந்தார். வயது 24. ஒரு வருடம் கழித்து, 1972 நவம்பர் 11, பெரி ஓக்லியும் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். டுவேன் விழுந்த இடத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, அவருக்கும் வயது 24. இருவரையும் அதே ரோஸ் ஹில்லில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் பெரிய பணமும் புகழும் வந்தன. டுவேனுக்குப் பதில் இன்னொரு கிடார்காரரைத் தேடாமல் பியானோவுக்கு சக் லெவெல் என்ற இளைஞரையும், பேஸுக்கு ஜெய்மோவின் நண்பர் லமார் வில்லியம்ஸையும் சேர்த்தது புத்திசாலித்தனமான முடிவு. 1973-இல் வந்த ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், பெட்ஸின் ‘ராம்ப்ளின் மேன்’ இரண்டாமிடம் வரை போனது. ‘ஜெஸிகா’ என்ற வாத்திய இசையை அவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைத்து எழுதினார். தீ விபத்தில் இடதுகை விரல்கள் கருகிப்போய் இரண்டு விரலால் மட்டுமே தனி வாசிப்பு வாசித்த ஐரோப்பிய ஜிப்சி கலைஞர் அவர், அவருக்கு மரியாதையாக பெட்ஸும் இரண்டே விரலால் அந்த மெட்டை அமைத்தார், தன் சின்னக் குழந்தை அறையில் தவழ்ந்து விளையாடுவதைப் பார்த்தபடி. அதே வருடம் ஜூலையில் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென்னில் கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட் ஆகிய குழுக்களுடன் வாசித்தபோது சுமார் 6 லட்சம் பேர் கூடினார்கள். ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது நிதி திரட்டக் கச்சேரி செய்து கொடுத்ததும் இவர்கள்தான்.

ஹெராயினும் பொறாமையும் சேர்ந்து 1976-இல் குழுவை உடைத்தன. போதைமருந்து வழக்கு ஒன்றில் கிரெக் தங்கள் சொந்தச் சுற்றுப்பயண மேலாளருக்கு எதிராகவே சாட்சி சொன்னதை மற்றவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. 1978-இல் சேர்ந்தார்கள், 1982-இல் மறுபடி பிரிந்தார்கள், அந்த இடைக்கால ஆல்பங்களை நான் அடிக்கடி எடுப்பதில்லை, கேப்ரிகார்னும் 1979-லேயே திவாலாகிவிட்டது. 1989-இல் கிடார் கலைஞர் வாரன் ஹேன்ஸ் வந்த பிறகுதான் குழு உண்மையில் திரும்ப எழுந்தது. நியூயார்க் பீக்கன் அரங்கத்தில் வருடா வருடம் மார்ச் மாதக் கச்சேரித் தொடர் என்பது ஒரு வழக்கமாகவே ஆகி, 200-க்கும் மேல் கச்சேரிகள் அங்கே மட்டும் நடந்தன. 2000-இல் பெட்ஸை ஃபேக்ஸ் அனுப்பி விலக்கியது எனக்கு இன்றும் மனம் ஒப்பாத விஷயம். குடிப்பழக்கம் எவ்வளவு இருந்தாலும், அந்த இசையில் பாதியை உருவாக்கிய மனிதர்.

1999-இல் புட்ச்சின் சகோதரர் மகனான டெரெக் டிரக்ஸ் இருபது வயதில் உள்ளே வந்தார். டுவேனின் ஸ்லைடைக் கேட்டு வளர்ந்தவர், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியாவில் உஸ்தாத் அலி அக்பர் கானின் இசைக் கல்லூரிக்குப் போய்க் கற்றார், நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியைத் தன் குழுவோடு வாசித்தார். அலி அக்பர் கான் வாசித்த சரோடில் ஸ்வர இடத்தைக் குறிக்கும் கட்டை கிடையாது, ஸ்லைடுக்கும் கட்டை தேவையில்லை, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கும் இடமெல்லாம் வாசிக்கிறவனுக்குச் சொந்தம். டுவேன் கோல்ட்ரேனிடம் போனது போல இவர் அலி அக்பர் கானிடம் போனார். வெளியே போய்க் கேட்டு வருவதுதான் இந்தக் குழுவின் உண்மையான மரபு என்று நான் நினைக்கிறேன்.

2014 அக்டோபர் 28 அன்று பீக்கனில் கடைசிக் கச்சேரி. நள்ளிரவைத் தாண்டி, டுவேன் இறந்த தேதிக்குள் போய், ‘டிரபிள் நோ மோர்’ வாசித்து முடித்தார்கள். புட்ச்சும் கிரெக்கும் 2017-இல், பெட்ஸ் 2024 ஏப்ரலில் இறந்தார்கள், அத்தோடு தொடங்கிய ஆறு பேரில் மிஞ்சியவர் ஜெய்மோ மட்டும்.

அவர் இந்தக் குழுவுக்கு என்ன கொடுத்தார் என்று காதால் தெரிந்துகொள்ள ஃபில்மோர் ஆல்பத்தில் ‘ஸ்டார்மி மண்டே’ போதும். டி-போன் வாக்கரின் பழைய மெதுவான புளூஸ், கிரெக் பாடுகிறார், இரண்டு கிடாரும் முறை வைத்து வாசிக்கின்றன. அப்புறம் ஆர்கன் முறை வருகிறது. அந்த இடத்தில் தாளம் நிறம் மாறி, கனம் குறைந்து, மூன்று மூன்றாகத் துள்ளும் ஜாஸ் நடைக்குப் போய்விடும், சிம்பல் மேல் தட்டு லேசாக விழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது ராக் குழுவே கிடையாது.